யானையும் மனிதனும் வானமும்

"ஐயா, பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் பிற நாடுகளில்தானே நிகழ்கின்றன? நம்மூர்ப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?" என்று மாணவர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆப்பிள் விழுந்த தோட்டம் இங்கிலாந்தில் இருந்தது என்று படிக்கிறார்கள். டார்வினின் சிந்தனையைத் தூண்டிய தீவுகள் பசிபிக் மாகடலில் உள்ளன என்று படிக்கிறார்கள். இவற்றையே படித்து வளர்ந்தவர்க்கு, தம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும் மலையில் ஓர் உலக உண்மை ஒளிந்திருக்கும் என்று தோன்றுவது எங்ஙனம்?

அக்கேள்விக்கு விடையாகவே இப்பேச்சை அமைத்துக்கொள்கிறேன். விலங்கைப் பற்றி ஒன்று, மனிதனைப் பற்றி ஒன்று, வானத்தைப் பற்றி ஒன்று என மூன்று வரலாறுகளைக் கூறப்போகிறேன். மூன்றும் கருமத்தம்பட்டியிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய இடங்களில் நிகழ்ந்தவை. அவற்றை நிகழ்வித்ததில் இந்நிலத்தின் அமைப்புக்கே பெரும் பங்கு உண்டு என்பதுதான் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

முதலில் நிலத்தை அறிந்துகொள்வோம். கோவையிலிருந்து அவிநாசி செல்லும் பெருஞ்சாலையில், விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே அமைந்த ஊர் கருமத்தம்பட்டி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து இடையறாது வீசும் காற்றை இவ்வூரார் நன்கறிவர். அக்காற்று எங்கிருந்து வருகிறது? தபதி ஆற்றங்கரையிலிருந்து குமரிமுனை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, ஒரு கோட்டைச் சுவர் போல் அரபிக் கடற்காற்றைத் தடுத்து நிற்கிறது. அச்சுவரில் மிகப் பெரிய திறப்பு ஒன்று உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இவ்விரு மலைத்தொகுதிகளுக்கும் இடையே, 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலமுள்ள தாழ்ந்த நிலம் கிடக்கிறது. அவ்வாயில் வழியாகவே மேல்காற்று கொங்கு நாட்டிற்குள் நுழைகின்றது. இந்த வாயிலை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி நாம் காணப்போகும் வரலாறுகளுள் இரண்டு, இதைச் சுற்றியே நடக்கின்றன.

நீலகிரிக் காட்டு யானையையும் ஆனைமலைக் காட்டு யானையையும் அருகருகே நிறுத்தினால், அனுபவமுள்ள பாகனாலும் வேறுபாடு சொல்ல இயலாது. ஆயினும் அவை நெடுங்காலமாகப் பிரிந்து வாழும் இரு கூட்டங்கள் என்பது 2005ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரிய வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய டி. என். சி. வித்யா, இராமன் சுகுமார் ஆகியோரும் அவர்தம் துணைவரும் செய்த ஆராய்ச்சி அது.

அவர்கள் கையாண்ட முறை கேட்பதற்குச் சுவையானது. காட்டில் திரியும் நூற்றுக்கணக்கான யானைகளைப் பிடித்து இரத்தம் எடுப்பதென்பது ஆகாத காரியம். ஆகவே ஆராய்ச்சியாளர் யானையின் பின்னே நடந்து அதன் இலத்தியைச் சேகரித்தனர். உணவு குடலின் வழியே செல்லும்போது குடற்சுவரின் நுண்ணிய உயிரணுக்கள் சில இலத்தியோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. அவற்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மரபுக்கூறு ஒன்று உயிரணுவில் உண்டு. அதனை ஆராய்ந்தபோது, நீலகிரிப் பகுதியில் சோதிக்கப்பட்ட யானைகள் யாவும் ஒரே தாய்வழி அடையாளத்தைத் தாங்கியிருக்கக் கண்டனர். கணவாய்க்குத் தெற்கே உள்ள யானைகளோ அவற்றினின்று வேறுபட்டன. மனிதன் ஒரு நாளில் நடந்து கடக்கும் தாழ்நிலம், யானைக் குலத்தைப் பல தலைமுறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது!

இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. 2024ஆம் ஆண்டில், மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் புதிய முறையைக் கையாண்ட ஆராய்ச்சி வெளிவந்தது. பாலக்காட்டுக் கணவாயின் எல்லையை அது உறுதி செய்தது; இன்னும் தெற்கே உள்ள செங்கோட்டைக் கணவாயும் ஓர் எல்லையே என்று மேலும் காட்டிற்று. மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். முன்னவர் தவறினர் என்பது இதன் பொருளன்று. அவர்களிடம் இருந்த கண்ணாடி காட்டிய அளவை அவர்கள் கூறினர். கூர்மையான கண்ணாடி கிடைத்தபோது மேலும் தெரிந்தது. விஞ்ஞானம் வளரும் முறை இதுவே.

பறவைகளின் கதை இதனினும் வியப்பைத் தருவது. உயர்ந்த மலைகளின் மடிப்புகளில், புல்வெளிகளுக்கு இடையே, குளிர்ந்து இருண்டு கிடக்கும் காடுகளை நாம் சோலை என்கிறோம். அங்கே தரையோரம் இரை தேடும் நீலநிறச் சிறு பறவை ஒன்றும், சிரிப்பது போல் குரலெழுப்பும் சிரிப்பான் என்னும் பறவையும் வாழ்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்டன் முதலிய ஆங்கிலேயர் இவற்றுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினர். வடிவத்தைக் கண்டு, இமயத்திலும் கீழ்நாடுகளிலும் உள்ள பறவைகளின் இனத்தைச் சேர்ந்தவை என்று பின்னர் வகுத்தனர். வி. வி. ராபினும் அவர்தம் குழுவினரும் மலை மலையாகச் சென்று இவற்றின் மரபணுவை ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். இப்பறவைகள் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்பது அம்முடிவு. நீலப் பறவையின் பேரினத்துக்கு 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம்முடைய தமிழ்ச் சொல் உலக விஞ்ஞானப் பெயர் வரிசையில் ஏறிவிட்டது!

நீலகிரியில் வாழும் ஷோலிகோலா ஓரினம். கணவாய்க்குத் தெற்கே வாழ்வது மற்றோரினம். சிறகிருந்தும் இவை ஏன் கடந்து செல்லவில்லை? சோலையின் குளிரில் பழகிய உயிருக்குக் கணவாயின் வெப்பச் சமவெளி, கடலுக்கு ஒப்பானது. மலைமுடிகள் வானத்தீவுகள் ஆயின. பசிபிக் தீவுகளைப் பாடநூலில் படிக்கும் கோவை மாணவன், தன் ஊரின் இருபுறமும் அத்தகைய தீவுகள் நிற்பதை அறிந்திருக்க வேண்டாமா?

விலங்கையும் பறவையையும் பிரித்த இக்கணவாய், மனிதனை என்ன செய்தது? பிரிக்கவில்லை, இணைத்தது. நம் இரண்டாவது வரலாறு இதுவே.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் மோளப்பாளையம் என்னும் சிற்றூர் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2021 முதல் அங்கே அகழ்ந்து, புதிய கற்காலத்து மக்கள் வாழ்ந்த இடம் ஒன்றைக் கண்டனர். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1600க்கும் 1400க்கும் இடைப்பட்டது என்று கணித்துள்ளனர். ஆடுமாடு வளர்த்த மக்களின் தடயங்களோடு, கடலிலிருந்து வந்த சங்கும் சிப்பியும் அங்கே கிடைத்தன. மலையடிவாரத்து இடையன் கையில் கடற்சங்கு! கடலுக்கும் கொங்கு நாட்டிற்கும் அன்றே தொடர்பு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. கிழக்கு நோக்கி ஓடும் நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் தொழில் நகரம் எழுந்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் துணிபு. 1985 முதல் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் இங்கே பல முறை அகழ்ந்தனர். இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. நீலக்கல், பச்சைக்கல், படிகம் ஆகியவற்றைத் தீட்டி மணியாக்கிய பட்டறைகள் வெளிப்பட்டன. நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் மனிதர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. நடுவே இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்ளி ஒன்றும் கிடைத்தது. சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் இன்று தறியோட்டும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அத்தக்ளியைப் பற்றி நான் தனியே விளக்க வேண்டுவதில்லை. நூல் நூற்பது இவ்வாற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுத் தொழில்.

இங்கே செய்த மணிகளும் இரும்பும் எவ்வழியே சென்றன? மேற்கே கணவாயைக் கடந்து சேர நாட்டுத் துறைமுகத்திற்கும், கிழக்கே கரூர் வழியாகக் கீழைக் கடற்கரைக்கும் சென்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகள் அவ்வழிக்குச் சான்றாக நிற்கின்றன. பிற்காலத்தும் அவ்வழி மறையவில்லை. சுண்டக்காமுத்தூர் அருகே உள்ள கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' என்று அதற்குப் பெயரே கூறுகின்றது.

தோண்டியெடுத்த பொருளின் வயதை எவ்வாறு அறிகின்றனர் என்று நீங்கள் கேட்கலாம். உயிருள்ள மரமும் நெல்லும் காற்றிலிருந்து கரியை ஏற்கும்போது, கதிரியக்கமுள்ள கரியணுக்களையும் சிறிதளவு ஏற்கின்றன. உயிர் நீங்கியபின் அவ்வணுக்கள் சிதைந்து குறைகின்றன; 5,730 ஆண்டில் பாதியாகின்றன. எஞ்சியதை எண்ணினால் வயது தெரியும். கொடுமணல் மக்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அளவிலேயே வாழ்ந்தனர் என்பது இம்முறையால் தெரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கிற்குக் கி.மு. 2172 என்ற காலம் கிடைத்ததாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அதனினும் ஆயிரம் ஆண்டு முற்பட்ட காலம் கிடைத்ததாக 2025இல் அறிவித்தது.

இச்செய்திகள் நம் நெஞ்சை நிமிரச் செய்கின்றன. ஆனால் வரலாற்று மாணவன் நெஞ்சு நிமிர்வதோடு நின்றுவிடலாகாது. கணிக்கப்படுவது இரும்பின் வயதன்று. அதனோடு ஒரே அடுக்கிற் கிடந்த கரியின் வயது. ஆகவே அடுக்கு கலையாதிருந்ததா, அருகில் உள்ள பிற இடங்களும் அதே காலத்தைக் காட்டுகின்றனவா என்று மேலும் மேலும் கேட்க வேண்டும். இவ்வாறு கேட்பது நம் பெருமையைக் குறைப்பதாகாது. ஆயிரம் கேள்விக்குப் பின்னும் நிற்கும் பெருமையே பெருமை.

இனி மூன்றாவது வரலாறு. நிலத்தை விட்டு வானத்திற்குச் செல்வோம். ஆயினும் நீலகிரியை விட்டுச் செல்ல வேண்டுவதில்லை.

1962இல் ஆஸ்திரேலியாவில், ஹசார்ட் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் துணைவரும் ஓர் அரிய சோதனையைச் செய்தனர். வானத்திலிருந்து வானொலி அலைகள் வருவது முன்னரே தெரியும். அவை துல்லியமாக எப்புள்ளியிலிருந்து வருகின்றன என்பதுதான் தெரியவில்லை. நிலவு வானில் நகரும்போது அம்மூலத்தை மறைக்கும் அல்லவா? அலை நின்ற கணத்தைக் குறித்துக்கொண்டால், அக்கணத்தில் நிலவின் விளிம்பு இருந்த இடமே அலை பிறந்த இடம். அலை மங்கி மறையும் விதத்திலிருந்து அம்மூலத்தின் உருவளவும் தெரியும். இம்முறை கோவிந்த் ஸ்வரூப் என்னும் இந்திய விஞ்ஞானியின் உள்ளத்தைக் கவர்ந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பி, ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1963இல் சேர்ந்தவர் அவர். நிலவு மறைக்கும் நூற்றுக்கணக்கான மூலங்களை அளக்கவல்ல பெரிய தொலைநோக்கி ஒன்றை அமைக்க அவர் விரும்பினார்.

அதற்கு இடம் எது? மண்ணுலகம் சுழலும் அச்சுக்கு இணையாக ஒரு நீண்ட கருவியைக் கிடத்தினால், ஒரே ஓர் அச்சில் அதைத் திருப்பி வானப் பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். அப்படிக் கிடத்த வேண்டுமானால், தரை தெற்கிலிருந்து வடக்கே, அவ்விடத்து அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை பாகை உயர்ந்து செல்ல வேண்டும். உதகமண்டலம் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ளது. அதனருகே முத்தோரையில், தெற்கு வடக்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவு ஒன்று அகப்பட்டது! அதன்மேல் 24 எஃகுச் சட்டங்களை நிறுத்தி, மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள தொலைநோக்கியை நம் நாட்டவரே வகுத்து நம் நாட்டிலேயே செய்தனர். 1970இல் அது வேலை தொடங்கிற்று.

அக்காலத்தில் விஞ்ஞான உலகில் பெரும் வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் என்றும் ஒரே தன்மையாய் இருப்பது என்றனர் ஹாயில், பாண்டி, கோல்டு என்போர். ஒரு காலத்தில் பெருவெடிப்பிற் பிறந்து விரிந்து மாறி வருவது என்றனர் மற்றையோர். தொலைவிலிருந்து வரும் அலை நெடுங்காலத்துக்கு முன் புறப்பட்டது. ஆகவே தொலைவை நோக்குவது பழங்காலத்தை நோக்குவதாகும். உதகைத் தொலைநோக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களின் அளவைக் கண்டது. அவ்வளவுகளைக் கொண்டு கபாஹியும் ஸ்வரூப்பும் 1975இல் வெளியிட்ட முடிவு, முற்காலப் பிரபஞ்சம் இக்காலத்தது போன்றதன்று என்று காட்டிற்று. வழக்கைத் தீர்த்தது இதுவொன்றே என்று நான் கூறேன். பென்சியாசும் வில்சனும் 1965இல் அறிவித்த பின்னணிக் கதிர்வீச்சு, பெருவெடிப்புக் கொள்கைக்குப் பெருஞ்சான்றாய் முன்னரே நின்றது. ஆயினும் சான்று கூறியவர் வரிசையில் நீலகிரிச் சரிவுக்கும் ஓரிடம் உண்டு.

அதே உதகையில் விண்கதிர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றும் உண்டு. மேலே காற்றுமண்டலத்தில் பிறந்து கீழே பொழியும் 'மியூவான்' என்னும் நுண்துகள்களை அங்கே இந்திய விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் எண்ணி வருகின்றனர். 2014 டிசம்பர் 1ஆம் நாள் ஓர் இடிமேகம் அம்மலைக்கு மேலே வந்தது. 18 நிமிடம் துகள்களின் எண்ணிக்கை குறைந்தது. அக்குறைவைக் கணக்கிட்டு, அம்மேகத்தில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019இல் வெளியிட்டனர். இடிமேகத்தில் அத்தகைய பேரழுத்தம் இருக்கக்கூடும் என்று சி. டி. ஆர். வில்சன் 1929இலேயே கூறியிருந்தார். தொண்ணூறு ஆண்டு காத்திருந்த சொல்லுக்கு நம் மலைமேல் வந்த மழைமேகம் விடை தந்தது.

அன்பர்களே, இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவோமாக. யானையின் இலத்தி, உடைந்த பானை ஓடு, நிலவு மறைத்த ஒரு கணம், குறைந்துபோன ஓர் எண்ணிக்கை. இவற்றிலிருந்தே உண்மை பிறந்தது. ஒதுக்கித் தள்ளும் பொருளைப் பொறுமையோடு நோக்கியவர்க்கே அது அகப்பட்டது. மற்றொன்றையும் கவனியுங்கள். கணவாய் இல்லையேல் யானையின் பிரிவும் இல்லை, பெருவழியும் இல்லை. சரிவு இல்லையேல் அத்தொலைநோக்கி அங்கே அமைந்திராது. நம் நிலம் நமக்குக் கிடைத்த ஆராய்ச்சிக்கூடம்.

ஆராய்ச்சிக்கூடத்தைப் பாழாக்கினால் பாடம் நின்றுவிடும். கணவாயின் வாயிலில் இன்று இருப்புப்பாதை ஓடுகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் இரயில் மோதி மாண்டன. மதுக்கரைப் பகுதியில் யானை வருவதைக் காமிராவால் கண்டு இரயிலோட்டிகளை எச்சரிக்கும் ஏற்பாடு 2024இல் தொடங்கப்பட்டது. நீலகிரியின் புல்வெளிகளையும் சோலைகளையும் தேயிலையும் சீகையும் தைலமரமும் பெரும்பகுதி விழுங்கிவிட்டன. பழமேடுகளில் மண் எடுப்பார் ஒரு நாளில் அழிப்பது, மூவாயிரம் ஆண்டில் அடுக்கியது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? வயலோரத்தில் கருப்பும் சிவப்புமான பானை ஓட்டைக் கண்டால் பெயர்த்தெடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தில் விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். இடத்தை விட்டு நீங்கிய ஓடு வாய் மூடிவிடும். இரவு தெளிந்திருக்கும்போது வடக்கே நோக்கிக் கையை நீட்டி முஷ்டி பிடியுங்கள். முஷ்டியின் உயரம் ஏறத்தாழ 10 பாகை. அதன் அடி தொடுவானத்தில் பொருந்தினால், தலைக்குச் சற்று மேலே துருவ மீன் மங்கலாய்த் தெரியும். அந்த 11 பாகைதான் கருமத்தம்பட்டியின் அகலாங்கு. முத்தோரைச் சரிவின் சாய்வும் அதுவே. தொலைநோக்கி அமைத்தோர் தேடிய அளவை உங்கள் கையாலேயே அளந்துவிட்டீர்கள்.

பெரிய கண்டுபிடிப்புகள் எங்கே நிகழ்கின்றன என்று இனி எவரேனும் கேட்டால், பிற நாடுகளிலும் நிகழ்கின்றன, இங்கும் நிகழ்கின்றன என்று சொல்லுங்கள். அடுத்தது எங்கே என்று கேட்டால், அதற்கு விடை கூறும் கடமை என்னுடையதன்று, உங்களுடையது.